மலைக்கோயிலின் பதினேழாவது சுருள்

தையற்காரர் துணியைக் கெடுத்தால் வேறு துணி வாங்கலாம், தட்டார் நகையைக் கெடுத்தால் உருக்கி மறுபடி செய்யலாம். படம் கழுவுகிறவன் ஒரு சுருளைக் கெடுத்தால் அந்த நாளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிறர் பொருளைக் கையில் வாங்கி வேலை செய்து வயிறு வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மணிக்கூடு திருத்துகிறவர்களே, ரேடியோ திருத்துகிறவர்களே, பல்லுப் பிடுங்குகிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஸ்ரூடியோவின் இருட்டறையில் பதினான்கு வருஷம் இருந்தவன். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் சிங்களக் கூட்டம் ஒன்று அதை எரித்தது. கட்டடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது முதலாளியுடையது. பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த நெகட்டிவ்கள் என் கையால் கழுவியவை. கலியாணங்கள், பிள்ளைகளின் முதலாவது பிறந்தநாள், பிறகு செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட் படங்கள். அடுத்த வருஷம் மனைவி கமலாவின் தமையன் கூப்பிட்டு நியூசிலாந்தில் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். நியூ லின் ஸ்ரேசனுக்குக் கிட்ட கொலின் என்பவர் ஒரு படக்கடை வைத்திருந்தார். கலர்ப் படத்துக்கு மெஷின் இருந்தது. கறுப்பு வெள்ளையைக் கையால் கழுவத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. அதனால் எனக்கு வேலை கிடைத்தது.

முதல் பார்சல்

எண்பத்தைந்தாம் ஆண்டு யூன் மாதம், மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மிஸிஸ் வார்ட் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அறுபது தாண்டிய, ஓய்வு பெற்ற நேர்ஸ். நேபாளத்தின் வடக்கே பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. வருஷா வருஷம் அங்கே நடந்து போய் மருந்து கொடுத்துவிட்டு வருகிற சின்னக் கமிட்டி ஒன்றுக்கு அவர்தான் தலைவி. அந்தப் பள்ளத்தாக்கில் மிகப் பழைய புத்த கோயில் ஒன்று இருந்தது. கூரை ஒழுகி, சுவரில் எழுதிய சித்திரங்கள் உரிந்து விழுந்துகொண்டிருந்தன. மலையேற வருகிறவர்கள் துணிச் சித்திரங்களையும் ஏட்டுக் கட்டுகளையும் வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளதை எல்லாம் ஒன்று விடாமல் படம் பிடித்து வைத்தால், களவு போனதை அடையாளம் காட்டலாம், அழிந்துபோனதைப் பார்த்துத் திரும்ப வரையலாம் என்பது கமிட்டியின் எண்ணம். ரின்னுக்குள் இருபத்துநாலு சுருள் இருந்தன.

முதலாவது பிரிண்டை டெவலப்பர் தட்டில் போட்டு ஆட்டினேன். சிவப்பு விளக்கில் மெல்ல மெல்லப் புத்தருடைய முகம் எழும்பி வந்தது. என் கை நின்றுவிட்டது. ஸ்ரூடியோ எரிந்த அன்று தெருவில் நின்ற கூட்டத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பிரிண்ட் தட்டிலேயே கிடந்து கறுத்துப் போயிற்று. பின்னேரம் வீட்டுக்குப் போய், இந்த வேலை என்னால் முடியாது, கொலினிடம் சொல்லப்போகிறேன் என்று கமலாவிடம் சொன்னேன். அவள் அவண்டேலில் ஒரு தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அங்கை எரிச்சவங்கள் புத்தரைக் கேட்டே எரிச்சவங்கள்? பேசாமல் வேலையைச் செய்யுங்கோ.”

மின்னல் கோடுகள்

ஏழாவது சுருளிலும் ஒன்பதாவதிலும் படத்துக்குக் குறுக்கே இலையுதிர்ந்த மரக்கிளை மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. நான்தான் கீறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மிஸிஸ் வார்டுக்கு ரெலிபோன் செய்தேன். அவர் அலனையும் கூட்டிக்கொண்டு வந்தார். படங்களை எடுத்தவர் அந்த அலன். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாகக் கமராவும் கையுமாகத் திரிந்தவர். கோடுகளைக் கண்டதும் அவருக்கே விளங்கிவிட்டது. அந்த உயரத்தில் காற்று அவ்வளவு குளிர், அவ்வளவு வறட்சி. ஃபிலிமைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினாலும் உள்ளே பொறி பறக்கும், அந்தப் பொறியே படமாக விழும். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரைக்கும் எண்ணி எண்ணித்தான் சுற்றினாராம். விரல் விறைத்த பிறகு எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கழுவுகிறவனிடம் மன்னிப்புக் கேட்ட கமராக்காரரை நான் அன்றுதான் கண்டேன்.

உறைபனியில் ஃபிலிம் அப்பளம் மாதிரி முறியும். அதற்காக அந்த ரின்னைத் துவாயில் சுற்றி, படுக்கைப் பைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூன்று கிழமை படுத்தவர் மிஸிஸ் வார்ட். கதைத்து முடித்துப் போகும்போது அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நான் பெற்ற பிள்ளைகளைக்கூட இவ்வளவு கவனமாக அணைத்துப் படுத்ததில்லை.”

பதினேழாவது

கோயிலின் பின்னால் காவல் தெய்வங்களுக்கென்று ஓர் அறை. அதன் வடக்குச் சுவரை அலன் பதினேழாவது சுருளில் எடுத்திருந்தார். அந்த அறைக்குள் வெளியார் போவதில்லை. கோயில் பெரியவர் ஒரே ஒரு முற்பகல் மட்டும் அனுமதி கொடுத்தாராம். ஜன்னல் இல்லாத இடம், விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படம். அதனால் அதைக் கூடுதல் நேரம் டெவலப்பரில் வைக்க வேண்டும். மற்றச் சுருள்களோடு சேர்க்காமல் தனியே கழுவ எடுத்தேன்.

இருட்டறையில் என் வேலை மூன்று தொட்டிகளில் நடக்கும். இடது பக்கம் டெவலப்பர், நடுவில் தண்ணீர், வலது பக்கம் ஹைப்போ. டெவலப்பர் படத்தை எழுப்பும். ஹைப்போ எழும்பினதை நிலைக்க வைத்து, எழும்பாததைக் கரைத்துவிடும். அன்று காலை தொட்டிகளைக் கழுவித் திருப்பி வைத்தவன் நான்தான். இடதையும் வலதையும் மாற்றி வைத்துவிட்டேன். ஃபிலிம் கழுவும்போது சிவப்பு விளக்கும் கூடாது, கும்மிருட்டு. கை பழக்கத்தில், அன்று ஹைப்போ இருந்த இடது பக்கம் போயிற்று. பதினைந்து நிமிஷம் கழித்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சுருள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. முப்பத்தாறு படத்தில் ஒரு நிழல்கூட இல்லை. கொலின் வந்து தூக்கிப் பார்த்துவிட்டு, கமரா சிக்கிவிட்டது என்று சொல்லலாம் என்றார். அதை அலன் நம்பமாட்டார் என்றேன். ஃபிலிமின் விளிம்பில் கம்பெனியே எண்கள் பதித்து அனுப்பும். கமராவில் பிழையென்றால் படம் இராது, எண்கள் இருக்கும். இதில் எண்களும் இல்லை. கழுவினவன் கெடுத்தது என்று அலனுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கொலின் அலமாரியிலிருந்து அதே ரகத்தில் ஒரு புதுச் சுருளை எடுத்து வந்து, இதை ஒழுங்காகக் கழுவு என்று என் கையில் தந்தார். வெறும் சுருளைக் கழுவினால் விளிம்பில் எண்கள் வரும், நடுவில் ஒன்றும் இராது. கமராவுக்குள் ஃபிலிம் ஓடவேயில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். என்னால் முடியாது என்றேன். அவர் சத்தம் போடவில்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு நாங்கள் போட்ட ரெசிடென்ஸ் விண்ணப்பத்துக்கு அவர் எழுதித் தரவேண்டிய கடிதம் அந்தக் கிழமைதான் மேசையில் கிடந்தது.

“உனக்கு இந்த நாடு வேணுமா, அந்தச் சுவர் வேணுமா?”

கமராவைப் பரிசோதித்தது

நான் கழுவினேன். வேறு யாரும் கழுவியிருந்தால் இன்றைக்குச் சொல்ல ஒரு சாட்டாவது இருக்கும்.

வெறும் சுருளைப் பார்த்த மறுநாளே அலன் கமராவோடு வந்தார். பின்மூடியைத் திறந்து என் முன்னால் வைத்து, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைக் கேட்கிற மாதிரி, ஃபிலிமை இழுக்கிற இந்தப் பல்லுச்சில்லு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு பழைய ஃபிலிமை மாட்டிச் சுற்றிக் காட்டினார். அது ஒழுங்காக ஓடிற்று. மறுபடி மாட்டினார், மறுபடியும் ஓடிற்று. சில வேளை பிடிக்காமல் விடும் என்று நான் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கமராவை மூடித் தோல் உறைக்குள் வைத்தார்.

“இல்லை, கமரா நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடைய கைதான் போய்விட்டது.”

சீமெந்துச் சுவர்

அடுத்த வருஷம் பயணத்துக்குப் பேர் கொடுத்தபோது அலனுக்கு அறுபத்தேழு வயது. டொக்டர் வேண்டாம் என்றார். கமிட்டியும் வேண்டாம் என்றது. விட்ட சுவரை எடுக்காமல் சாகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு போனாராம். இதெல்லாம் எனக்குத் தெரியும். மிஸிஸ் வார்ட் ஃபிலிம் வாங்க வந்தபோது சொன்னார். எங்களுக்கு ரெசிடென்ஸ் கிடைத்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதத்தில் எந்த நாளும் சொல்லியிருக்கலாம்.

யூனில் மிஸிஸ் வார்ட் ரின்னோடு தனியே வந்தார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வடக்குச் சுவரில் சித்திரம் இல்லை. ஊரில் கட்டின கிளினிக்கின் தரைக்கென்று கமிட்டிக்காரர்களே முந்தின வருஷம் கொடுத்த சீமெந்தில் மிச்சம் இருந்ததாம். ஈரத்தில் உப்பியிருந்த சுவரை ஊரார் கூடிப் பூசிவிட்டார்கள். அலன் இரண்டு நாள் அந்த அறையில் வேலை செய்தார். கீழே இறங்கி வரும் வழியில் நுரையீரலில் நீர் கோத்தது. இரண்டு பேர் முறை மாற்றி முதுகில் சுமந்தார்கள். மூன்றாம் நாள் விடிய ஒரு தங்குமடத்தில் மூச்சு நின்றது. அங்கேயே ஒரு மேட்டில் எரித்துவிட்டு வந்தார்கள்.

ரின்னுக்குள் கடைசிச் சுருளோடு அலன் எழுதிய ஒரு கடதாசித் துண்டு இருந்தது. ‘கழுவுகிறவருக்கு: வெளிச்சம் குறைவு. இந்த முறை ஃபிலிம் ஓடுகிறதா என்று ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துக்கொண்டேன்.’ அந்தச் சுருளைக் கழுவுவதற்கு முன் தொட்டிகளை மூன்று தரம் மோந்து பார்த்தேன். முப்பத்தாறு படமும் விழுந்திருந்தது. முப்பத்தாறும் சாம்பல் நிறச் சீமெந்து. மூலையிலிருந்து தொடங்கி, அளவு தெரிய ஓரத்தில் அடிமட்டம் வைத்து, ஒரு முழம்கூட விடாமல், பழைய சுவரை எப்படி எடுக்கச் சொன்னார்களோ அப்படியே எடுத்திருந்தார். அவர் ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியும். கொலினுக்குத் தெரியவில்லை. பிரிண்டுகளைக் கயிற்றில் காயப் போட்டிருந்தபோது வந்து ஒன்றொன்றாகப் பார்த்தார்.

“வெறும் சுவரை ஏன் இந்த மனுஷன் முப்பத்தாறு தரம் எடுத்தான்?”

மிங்மா

எண்பத்தேழில் அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மிங்மா என்பவர், காடு மலைகளைப் பராமரிக்கிற படிப்புக்காக நியூசிலாந்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். படங்களை எல்லாம் ஆல்பமாகக் கட்டி மலைக்கு அனுப்புவதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர்களுடைய எழுத்தில் பெயர் எழுத அவர் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்தார். என் பக்கத்தில் இருந்து எழுதுவார். நான் கொண்டுபோகிற இடியப்பத்தையும் சொதியையும் முகம் கோணாமல் சாப்பிடுவார்.

சீமெந்துப் படங்கள் வந்தபோது, உங்கள் ஆட்கள் இப்படிச் செய்யலாமா என்று கேட்டுவிட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. பழசைப் பழசாக வைத்திருப்பதில் என்ன புண்ணியம், இடிகிற சுவரைப் புதுப்பித்தால்தான் புண்ணியம், ஊரார் சீமெந்து சுமந்து நல்ல காரியம் அல்லவா செய்தார்கள் என்றார். எங்களுடைய கோயில்களிலும் கும்பாபிஷேகம் என்று சொல்லிக் கருங்கல்லுக்கு எனாமல் பெயின்ற் அடிக்கிறவர்கள்தானே நாங்கள். சண்டை பிடிக்க எனக்கு என்ன தகுதி?

ஆனாலும் புதுச் சுவரில் பழையபடி வரைய ஊரில் ஆசை இருக்கிறது என்றார் மிங்மா. வரையத் தெரிந்த ஒரு கிழவரும் இருக்கிறார், பார்த்து வரையத்தான் ஒன்றும் இல்லை. சரி, உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்றேன். கோவேறு கழுதையில் ஏறி வருகிற தெய்வம் ஒன்று நடுவில் இருந்தது என்றார். அதன் கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், என்ன நிறம் என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார்.

“அந்த அறையில் நாங்கள் எல்லோரும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்போம். கண்ணைத் திறந்து பார்த்தவர் அலன் மட்டும்தான்.”

இரண்டு சுருள்கள்

உண்மையான பதினேழாவது சுருளை நான் எறியவில்லை. ஒரு கடித உறையில் போட்டுக் கமலாவின் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். ஆல்பம் பார்க்க வந்த மிஸிஸ் வார்டைக் கூப்பிட்டு, வெளிச்சப் பெட்டியில் இரண்டு சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் எண்கள் இருக்கின்றன, மற்றதில் இல்லை என்று காட்டினேன். எண் இல்லாததுதான் அலனுடையது. தொட்டியை மாற்றி வைத்தது, புதுச் சுருள் கழுவியது, கமராவைப் பார்த்துப் பொய் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நேர்ஸ்மாருக்குக் குறுக்கே பேசாமல் கேட்கிற பழக்கம் உண்டு. முடிந்த பிறகு, இது யாருடைய யோசனை என்று மட்டும் கேட்டார். யோசனை வேறு ஆளுடையது, கை என்னுடையது என்றேன்.

அவர் எண் இல்லாத சுருளை விளக்குக்கு நேரே நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை உறையில் போட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். என்னை ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அலனுடைய மனைவியிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.”

ஜொய்ஸின் வீட்டில்

ரிட்டிராங்கியில் மரங்களுக்குள்ளே ஒரு மரவீடு. அலனுடைய மனைவி ஜொய்ஸ் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் கமலா கூட வந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் நான் சொல்லும்போது எந்த இடத்தில் என் குரல் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில் என் முழங்கையைத் தொட்டாள். நான் சொல்லி முடித்தேன்.

ஜொய்ஸ் சாப்பாட்டு மேசையைக் காட்டினார். அந்தப் பதினேழாவது சுருளுக்குப் பிறகு, அலன் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு முடிந்ததும் அந்த மேசையில் கமராவை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பழைய ஃபிலிமை மாட்டுவாராம், கழற்றுவாராம். பத்து மாதம், ஒரு நாளும் தவறவில்லை. தானும் பக்கத்தில் இருந்து, இன்றைக்குச் சரி, இன்றைக்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாளாவது கை பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவரே இல்லை என்று தலையை ஆட்டினார். மிஸிஸ் வார்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அழவில்லை. எழும்பி வந்தபோது ஜொய்ஸ் வாசல்வரைக்கும் வந்தார். மன்னித்தேன் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொல்லவும் இல்லை.

“அவர் எப்படியும் போயிருப்பார். ஆனால் தன்னை நம்பிக்கொண்டு போயிருப்பார்.”

கொலின்

ஜொய்ஸிடம் எல்லாம் சொன்னதையும், அலன் பத்து மாதம் ஃபிலிம் மாட்டிப் பழகினதையும் திங்கட்கிழமை கொலினிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் அலனில் விருப்பம் இருந்ததுதான். முகம் வெளுத்துப் போயிற்று, கதிரையில் இருந்துவிட்டார். ஆனால் கடை வைத்திருக்கிறவனுக்கு முகம் திரும்பி வரக் கனநேரம் எடுக்காது. மாத முடிவோடு என்னை நிறுத்தினார்.

“ரெண்டு வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்க முடியாதா?”

மலையிலிருந்து வந்த கடிதம்

இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் கழுவுகிறேன். முறிந்த கால் சரியாக விழாவிட்டால் இன்னொரு முறை எடுத்துக்கொள்வார்கள். நிம்மதியான வேலை.

படிப்பு முடிந்து போன மிங்மா ஆல்பங்களைக் கொண்டுபோனார். சுமைகாரர் ஒருவரும் தானுமாக எட்டு நாள் சுமந்தார்களாம். காத்மண்டுவில் ஒரு கடையில் தொங்கிய துணிச் சித்திரம் ஒன்றை எங்கள் படத்தை வைத்தே அடையாளம் கண்டு மீட்டிருக்கிறார்கள். மழையில் கரைந்த கிழக்குச் சுவரை அந்தக் கிழவர் பிரிண்டுகளைப் பார்த்து வரைகிறார். பதினேழாவது சுருளைப் பற்றிய உண்மையை நான் மிங்மாவுக்கும் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கடைசி வரி மட்டும் இப்படி இருந்தது:

“வடக்குச் சுவருக்கு இந்த வருஷம் மஞ்சள் பெயின்ற் அடித்தோம், பார்க்க நன்றாக இருக்கிறது.”

படம் நன்றாக வந்தால் பெயர் கமராக்காரருக்கு, வராவிட்டால் பழி கழுவுகிறவனுக்கு என்று எங்கள் தொழிலில் ஒரு வழக்கு உண்டு. அந்தப் பழியை உரிய ஆளிடம் கொண்டுவந்து சேர்க்க எனக்கு இரண்டு வருஷமும் ஒரு நல்ல மனிதரும் செலவானார்கள்.